ஐலாவுக்காக உபவாசம் இருந்த ஊர்

ஜெரிலின் டோல்மனின் கண்ணில் ஓர் எழுத்துப் பிழை பட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆல்டர் ஃபோர்க் தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அதற்குள் ஐந்து தலைமை ஆசிரியர்கள் வந்து போய்விட்டார்கள். பெற்றோருக்கு அவர்கள் எழுதிய சுற்றறிக்கை ஒவ்வொன்றும் ஜெரிலினின் மேசையைக் கடந்துதான் வெளியே போகும். போகும்போது இரண்டு சுற்றுப் பெருத்திருக்கும். “பிள்ளைகள் தலையில் பேன் இருக்கிறது, கவனிக்கவும்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், “நம் அருமைச் செல்வங்களின் நலனை முன்னிட்டு” என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு வரும். அதில் பேன் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருத்து என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. திருத்தாதே என்றும் சொன்னதில்லை. கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. ஒரு விஷயம் இருக்கிறபடியே வெளியே போனால், பிள்ளையைச் சட்டை போடாமல் தெருவுக்கு அனுப்பியதுபோல் அவளுக்குக் கூசும். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லோகன் நகருக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு சபைக் கட்டடம். வெளியார் எங்களை மார்மன்கள் என்பார்கள். காபி, டீ, சாராயம் எதையும் தொட மாட்டோம். அந்தக் குறையைச் சர்க்கரையில் தீர்த்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் இரண்டு வருஷம், வீடு வீடாகக் கதவு தட்டி மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போவார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. நேற்றுவரை “என் சாக்ஸ் எங்கே?” என்று அம்மாவை ஏவியவனுக்கு ‘எல்டர்’, அதாவது மூத்தவர், என்று பட்டம். எந்த நாட்டுக்கு என்பதைத் தலைமையிடம் முடிவு செய்யும். அந்த அறிவிப்பு வந்ததும் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவைத்துப் பையன் உரக்கப் படிக்க வேண்டும்.

டோல்மன் வீட்டில் நாற்பது பேர் நிற்க, ஜெரிலினின் மகன் டால்டன் படித்தான். “பின்லாந்து.”

தண்ணீர்க் குழாய் வியாபாரம் செய்யும் அவன் அப்பா கர்ட், வாயைத் திறப்பதே அபூர்வம். அன்று திறந்தார். “அங்க மனுஷங்க இருக்காங்களா?”

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் நாலு வீடு தள்ளியிருக்கும் மிண்டி ஆல்ரெட்டின் மகன் கோல்பிக்குப் பிலிப்பைன்ஸ் கிடைத்திருந்தது. பிலிப்பைன்ஸ் என்றால் ஊழியத்தில் நன்செய் நிலம். கதவைத் தட்டுவதற்கு முன்பே திறப்பார்கள், உட்காரச் சொல்வார்கள், குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் எடுப்பார்கள். பின்லாந்தில் கதவே அலங்காரத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஒரு தாயின் மதிப்பு திங்கட்கிழமைதோறும் நிர்ணயம் ஆகும். ஊழியக்காரப் பையன்களுக்கு வாரத்தில் அன்று ஒரு நாள்தான் ஓய்வு. அன்றுதான் துணி துவைப்பார்கள், வீட்டோடு பேசுவார்கள், ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதம் மின்னஞ்சலில் சபையார் எல்லோருக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை கோயில் நடையில் நின்று அதைப் பற்றித்தான் பேச்சு. கோல்பியின் கடிதங்களில் புயல் வரும், எருமை வரும், முழங்கால் வெள்ளத்தில் நடந்து போய் ஆறு பேருக்கு ஞானஸ்நானம் நடக்கும். படமும் இருக்கும்.

டால்டனுக்கு விலாசப் பட்டியலை வைத்துக்கொண்டு மாரடிக்கப் பொறுமையில்லை. “நான் உனக்கு எழுதிடறேன்மா, நீயே எல்லாருக்கும் அனுப்பிடு” என்றான். ஜெரிலினின் கையில் நூற்று நாற்பத்து மூன்று பேர் கொண்ட பட்டியல் இருந்தது. கர்ட்டும் அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒருவர். முதல் கடிதம் வந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். இங்க குளிர். இந்த வாரம் இருநூறு கதவு தட்டினோம். யாரும் திறக்கலை. பான்கேக் சாப்பிட்டோம். டால்டன்.”

ஜெரிலின் இதை இரண்டு தடவை படித்தாள். இதை மிண்டி படிப்பதை நினைத்துப் பார்த்தாள். பிறகு ‘குளிர்’ என்பதைத் தொட்டாள். “கர்த்தர் தம் கரத்தால் விரித்த வெண்பனியின் நடுவே” என்று ஆயிற்று. பொய்யா? இல்லை. பனி இருக்கிறது, விரித்தவர் கர்த்தர்தான். ‘யாரும் திறக்கலை’ என்பது “இன்னும் திறவாத உள்ளங்களுக்காக மன்றாடுகிறோம்” என்று ஆயிற்று. பான்கேக்கை அப்படியே விட்டாள்.

அந்த ஞாயிறு பிஷப் தோரப் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் சபையில் பிஷப் என்பது சம்பளமில்லாத பதவி; வாரநாட்களில் அவர் பல் டாக்டர். அதனால் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். “சிஸ்டர் டோல்மன், உங்க பையனுக்கு இப்படி எழுத வரும்னு எனக்குத் தெரியாம போச்சே! திறவாத உள்ளங்கள்! நான் வீட்ல ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.”

அதோடு ஜெரிலினின் கை நிற்கவில்லை. வாரா வாரம் எழுதினாள். கடிதத்தின் அடியில், “எல்டர் டோல்மனுக்கு நேரம் குறைவு, பதில்களை எனக்கே அனுப்புங்கள், நான் சேர்ப்பிக்கிறேன்” என்றும் சேர்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை காணொளியில் மகனோடு பேசும்போது ஊர்க்கதையெல்லாம் அவளே சொல்வாள். அவன் தலையாட்டுவான். டால்டனுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது; சொல்ல வேண்டியதை எழுதித்தான் சொல்வான். அது அவளுக்குத் தெரியும்.

ஜூன் மாதம், இருபதாவது வாரம், கடிதம் கொஞ்சம் நீளமாக வந்தது.

“இந்த வாரம் ஒரு கதவு திறந்துச்சு. ஒரு அம்மா. பூப்பாத்தியிலேர்ந்து காலை எடுங்கன்னாங்க. எடுத்தோம். அப்புறம் பாவமா இருந்துச்சு போல, காபி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க. குடிக்க மாட்டோம்னு சொன்னோம். கதவைச் சாத்திட்டாங்க. எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு இங்க முடியல. ராத்திரியே வர்றதில்ல இங்க, தூக்கமும் வரல. சாப்பாடு பிடிக்கல. வீட்டுக்கு வரணும்போல இருக்கு. தயவுசெஞ்சு எனக்காக ஜெபம் பண்ணுங்க. டால்டன்.”

ஜெரிலின் கல்நெஞ்சுக்காரி இல்லை. அலுவலகக் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். ஆனால் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பையனைப் பற்றி எங்கள் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளே பேசியிருக்கிறாள். பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும், அடுத்த வாரம் சரியாகிவிடும், அதற்குள் நூற்று நாற்பத்து மூன்று பேர் இதைப் படித்துவிட்டால் சரியானதை யாரும் படிக்க மாட்டார்கள். இப்படித்தான் நினைத்தாள். மகனுக்கு மட்டும் பதில் எழுதினாள்: வைட்டமின் டி மாத்திரை சாப்பிடு, நடுராத்திரி வெயிலுக்குக் கறுப்புத் திரை வாங்கி ஜன்னலில் மாட்டு, கர்த்தர் கைவிட மாட்டார்.

பிறகு ஊருக்கான கடிதத்தில் உட்கார்ந்தாள். கடைசி ஆறு வரியை எடுத்துவிட்டதில் கடிதம் மொட்டையாக நின்றது. மிச்சம் இருந்தது பூப்பாத்திக்காரி ஒருத்திதான்.

“இவ்வாரம் ஆவியானவர் எங்களை ஒரு வீட்டு வாசலுக்கு நடத்தினார். தோட்டத்துப் பூக்களின் நடுவே நின்ற ஒரு சகோதரி எங்களை உள்ளே அழைத்து, பருக ஏதேனும் வேண்டுமா என்று பரிவோடு கேட்டார். அவர் பெயர் ஐலா. அவருடைய நீலக் கண்களில் ஒரு தேடல் தெரிந்தது.”

ஐலா என்ற பெயரை இணையத்தில் பார்த்துப் பிடித்தாள். அடுத்த ஐந்து வாரமும் டால்டன் அதையேதான் எழுதினான்: முடியல, ஜெபம் பண்ணுங்க. அந்த ஐந்து வாரமும் ஐலா தழைத்தாள். வேதத்தை வாங்கிக்கொண்டாள். முதல் அதிகாரம் படித்தாள். கணவன் இறந்த துக்கத்தைச் சொல்லும்போது நீலக் கண்கள் கலங்கின. ஆறாவது வாரத்துக்குப் பிறகு டால்டன் கெஞ்சுவதை நிறுத்திவிட்டான். மறுபடியும் குளிர், கதவு, பான்கேக் என்று எழுத ஆரம்பித்தான். பார்த்தாயா, சரியாகிவிட்டது என்று ஜெரிலின் பெருமூச்சு விட்டாள்.

ஆனால் ஐலாவை நிறுத்த முடியவில்லை. ஊர் அவளைத் தத்தெடுத்துவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் உபவாசம் இருக்கும் நாள். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏதாவது ஒரு காரியத்துக்காக மன்றாடுவோம். “இந்த மாதம் எல்டர் டோல்மனின் ஐலாவுக்காக” என்று பிஷப் மேடையில் அறிவித்தார். முந்நூறு பேர் பட்டினி கிடந்தார்கள். ஐலா இரண்டாவது அதிகாரத்துக்குப் போனாள். உற்சாகமாகி அடுத்த மாதமும் கிடந்தார்கள். ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகள் நீலக் கண் வரைந்து ஜெரிலினிடம் கொடுத்தார்கள். லோகன் ஆலயத்தின் ஜெபப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. கோல்பியின் எருமையை யாரும் கேட்பாரில்லை. கிடைத்துவிட்ட ஆறு பேரைவிட, கிடைக்காமல் இழுத்தடிக்கும் ஒருத்திமேல்தான் சபைக்கு ஆசை.

அவளை ஊர் மாற்றிவிடலாமா, நோயில் படுக்கவைக்கலாமா என்றெல்லாம் ஜெரிலின் யோசித்தாள். நோய் என்று எழுதினால் ஊரே இன்னும் இரண்டு வேளை சேர்த்துப் பட்டினி கிடக்கும். பயந்துபோய் அந்த வரியை அழித்தாள்.

பிப்ரவரியில் பெண்கள் சங்கம் ஐலாவுக்கு ஒரு பஞ்சுப் போர்வை தைத்தது. இரண்டு செவ்வாய்க்கிழமை, பதினெட்டுப் பெண்கள், துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்கள். ஜெரிலினும் உட்கார்ந்து, இல்லாத பெண்ணின் போர்வைக்கு நாற்பது முடிச்சுப் போட்டாள். நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி, நிலவறையில் பஞ்சகாலத்துக்கென்று சேர்த்துவைத்த கோதுமை வாளிகளுக்குப் பின்னால் அதைப் புதைத்துவிடுவதென்று திட்டம்.

“உனக்கு எதுக்கு சிரமம்?” என்றாள் மிண்டி. “நேத்தே அனுப்பிட்டேன். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லலை.”

“எந்த விலாசத்துக்கு?”

“டால்டன் விலாசத்துக்குத்தான். அவன் கையால கொடுத்தாத்தானே அழகு? படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சீட்டு வெச்சிருக்கேன்.”

மூன்று வாரம் ஜெரிலின் தபால் தொலையட்டும் என்று ஜெபித்தாள். தபால் தொலையவில்லை.

திங்கட்கிழமை காலை காணொளியில் டால்டன் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அன்றைக்கு அவளுக்கு முன்னால் அவன் பேசினான்.

“அம்மா, ஐலா யாரு?”

ஜெரிலின் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். பூப்பாத்தியில் தொடங்கி, உபவாசம், ஆலயம், நீலக் கண் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் போர்வையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லாத் தெச்சிருக்காங்க” என்றான். “எத்தனை பேரும்மா சாப்பிடாம இருந்தாங்க?”

“முந்நூறு பேர் இருக்கும். எட்டு மாசமா.”

“நான் எழுதினேனேம்மா, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. ஆறு வாரம் எழுதினேன். அது?”

ஜெரிலின் தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தாள்.

“யாருமே ஒரு வார்த்தை கேட்கலை. பிஷப்கூடக் கேட்கலை. சரி, நம்மள மாதிரிக் கோழைக்கு இவங்க எதுக்கு மெனக்கெடணும்னு விட்டுட்டேன்.” அவன் குரலில் கோபமே இல்லை. “அப்ப, அவங்க படிக்கவே இல்லையா?”

“இல்லடா.”

“ஓ,” என்றான் டால்டன். காணொளியை அணைத்தான்.

பதினைந்து நாள் கழித்து, பின்லாந்து ஊழியத்தின் தலைவரிடமிருந்து கர்ட்டுக்கு அழைப்பு வந்தது. எல்டர் டோல்மனுக்கு உடம்பும் மனசும் சோர்ந்திருக்கிறது, ஒன்பது மாதம் மிச்சம் இருந்தாலும் வீட்டுக்கு அனுப்புவதே நல்லது என்று அவர் அன்போடு சொன்னார். சால்ட் லேக் விமான நிலையத்தில் ஊழியம் முடித்து வரும் பையன்களுக்குப் பலூன், பதாகை, அத்தை சித்தி பட்டாளம் எல்லாம் இருக்கும். டால்டனுக்கு அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். கர்ட் மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பாதியில் திரும்பிய பையனை எங்கள் ஊர் திட்டாது. நாங்கள் நல்லவர்கள். கையைப் பிடித்து மெதுவாகக் குலுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, “எப்படி இருக்கேப்பா?” என்று கேட்போம். பதிலுக்கு நிற்க மாட்டோம். பிறகு வீட்டுக்கு உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டு போவோம். பாலேடும் சீஸும் கொட்டி, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கித் தூவிச் சுட்ட அந்தத் தட்டு எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போவது. டோல்மன் வீட்டுக்கு ஒரே வாரத்தில் நாலு தட்டு வந்தது.

நாலாவது தட்டை மிண்டி கொண்டுவந்தாள். சமையலறையில் வைத்துவிட்டு, மாடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஜெரிலின், ஒண்ணு கேட்பேன், தப்பா நினைச்சுக்காதே. ஐலாவுக்கு என்ன வயசு?”

“எதுக்குக் கேட்கிறே?”

“ஒண்ணுமில்ல, சங்கத்துல பேசிட்டிருந்தோம். அந்த நீலக் கண்ணு பதினோரு கடிதத்துல வருது. நான் எண்ணிப் பார்த்தேன்.”

“அவங்க வயசானவங்க, மிண்டி!”

“ஒரு கடிதத்துலகூட வயசு வரலையே.” மிண்டி அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். “சின்ன வயசுல புருஷனைப் பறிகொடுத்தவ. இவனும் பாவம், பத்தொன்பது வயசுப் பையன். பனி வேற. நாங்க யாரும் தப்பாப் பேசலைம்மா. மனுஷ மனசுதானே?”

ஊழியக்காரன் ஒரு பெண்ணைத் தொட்டான் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாவம் இல்லை. அந்த வாரத்துக்குள் ஊர் முழுவதும் அது உண்மையாகிவிட்டது. டால்டன் கதவு தட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு பெண்ணின் முகத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் அவன் பெட்ரோல் போட நின்றாலும், ஐலாவை விட்டுவிட்டு வந்தவன் என்று திரும்பிப் பார்த்தார்கள். தெற்குத் தெருவில் ஒரு தாய் அவனைப் பார்த்ததும், மகள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வேறு பக்கமாகத் திருப்பினாள்.

அதைக் கேள்விப்பட்ட மாலை ஜெரிலின் கர்ட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கர்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஐலான்னு ஒரு ஆளே இல்லையா?”

“இல்லை.”

“நான் அவளுக்காகப் பதினாறு வேளை பட்டினி கிடந்திருக்கேன், ஜெரிலின்.”

“தெரியும்.”

“என் பையன் அவனுக்காக ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கான். நான் பண்ணலை.” கர்ட் தட்டைத் தள்ளிவைத்தார். “அப்பன் நான். எனக்கும் நீ அனுப்பினதுதானே வந்துச்சு.”

அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: “ஊரைக் கூட்டித்தானே அனுப்பினே? ஊரைக் கூட்டியே சொல்லிடு.”

உபவாச ஞாயிறு அன்று எங்கள் கோயிலில் பிரசங்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். போகும் முன்பு ஜெரிலின் மகனின் அறைக் கதவைத் தட்டினாள்.

“அந்த ஜூன் மாசக் கடிதத்தை அங்க படிக்கட்டுமா? உனக்கு வேணாம்னா வேணாம். நானா இட்டுக்கட்டினதை மட்டும் சொல்லிடறேன்.”

“அதை இன்னும் வெச்சிருக்கியா?”

“எல்லாத்தையும் வெச்சிருக்கேன். நீ எழுதினபடியே.”

டால்டன் யோசித்தான். “படி,” என்றான். “நானும் வர்றேன்.”

கோயிலில் முதலில் ஒரு பெரியவர் தம் டிராக்டர் பழுதானதும் ஜெபத்தில் ஓடியதுமாகப் பன்னிரண்டு நிமிஷம் சொன்னார். ஒரு சின்னப் பெண் அம்மா காதில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். பிறகு ஜெரிலின் எழுந்தாள். தன் பெயருக்காக அவள் பயப்பட்டாள். மேடைவரை பயந்துகொண்டேதான் போனாள். ஆனால் மூன்றாவது வரிசையில் கர்ட்டையும் மகனையும் சுற்றி இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

“ஐலான்னு யாரும் இல்லை,” என்றாள். “நான்தான் எழுதினேன். டால்டன் எந்தப் பொண்ணையும் ஏறெடுத்துப் பார்க்கலை. ஒரு அம்மா பூப்பாத்தியிலேர்ந்து காலை எடுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான் நடந்துச்சு. மத்தது எல்லாம் என் கற்பனை. அவன் உண்மையில எழுதினது இது.”

படித்தாள். ராத்திரியே வர்றதில்ல, தூக்கமும் வரல. வீட்டுக்கு வரணும்போல இருக்கு. தயவுசெஞ்சு எனக்காக ஜெபம் பண்ணுங்க. “இதை நான் வெட்டிட்டேன்,” என்றாள். “அவன் உங்ககிட்ட கேட்டான். நான் உங்களுக்குக் காட்டலை. என்னை மன்னிச்சுடுங்க.”

முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பிஷப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜெரிலின் இறங்கி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகில் இருந்த பாறாங்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது.

கூட்டம் முடிந்ததும் நடையில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மிண்டி கட்டிப் பிடித்துத் தேம்பினாள்.

“என்ன தாய் நீ! பையன் பேரைக் காப்பாத்த, ஊர் முன்னாடி உன் பேரையே கெடுத்துக்கிட்டியே!”

“மிண்டி, நான் சொன்னது நிஜம்.”

“சரிம்மா, சரிம்மா. நிஜம்தான்.” மிண்டி மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். “எங்களுக்குப் புரியுது. வேற எந்தத் தாயா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பா.”

ஜெரிலின் பிஷப்பிடம் ஓடினாள். “பிஷப், நீங்களாவது நம்புங்க. அந்தக் கடிதம் அவன் எழுதினது!”

பிஷப் அவள் தோளைத் தொட்டார். “சிஸ்டர், டால்டன் நடை எனக்குத் தெரியாதா? ஒரு வருஷத்துக்கு மேல படிக்கிறேன். வெண்பனியின் நடுவேன்னு எழுதின கை, ‘சாப்பாடு பிடிக்கல’ன்னு எழுதுமா? நீங்க இன்னிக்குப் படிச்சீங்களே, அது ஏதோ அவசரத்துல எழுதின மாதிரி இருந்துச்சு. பரவாயில்லை. உங்க அன்பு தெரிஞ்சுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐலாவைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவங்க பேரை நாங்க பட்டியல்லேர்ந்து எடுக்க மாட்டோம். இப்பதான் அவங்களுக்கு ஜெபம் ரொம்பத் தேவை” என்றார்.

வீடு வரும்வரை காரில் ஜெரிலின் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். உபவாசம் முடிக்கும் நேரம் ஆனதும் கர்ட் அடுப்பிலிருந்து இறைச்சியை எடுத்துவைத்தார். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஒருத்தர்கூட நம்பலைடா,” என்றாள்.

“நீ நம்பினியாம்மா?” என்றான் டால்டன். “நான் முதல்ல எழுதினப்போ?”

அவளிடம் பதில் இருந்தது. நம்பினேன், அதனால்தான் மறைத்தேன். அதை அழகாகச் சொல்ல அவளுக்குத் தெரியும். நாலு வரியில் மகன் மனசு இளகும்படி சொல்லியிருப்பாள். “நம்பினேன்,” என்று மட்டும் சொன்னாள். “ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாமா?”

“யாருக்கும்மா? எனக்கா, ஐலாவுக்கா?”

கர்ட் பொசுக்கென்று சிரித்துவிட்டார். டால்டனும் சிரித்தான். விமானத்திலிருந்து இறங்கிய நாள்முதல் அவன் சிரித்து அவர்கள் பார்க்கவில்லை. ஜெரிலினுக்குச் சிரிப்பு வரவில்லை. கைகளைக் கட்டி, கண்ணை மூடினாள்.

“பரலோகப் பிதாவே. டால்டனுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அவன் என்கிட்ட சொன்னான். நான் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடலை. அவனுக்கு உதவி பண்ணுங்க. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.”

கர்ட் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்,” என்றாள் ஜெரிலின்.

“ஆமென்,” என்றான் டால்டன். தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினான்.